லொக்கேஷன் அனுப்புவதும் நிறுத்துவதும்: நம்ம பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பிலிருந்து பார்சல் வருகிறது. பெட்டியில் "பிரதான வீதி, பெரியகல்லாறு" என்று எழுதியிருக்கிறது. கொண்டுவரும் தம்பி சந்தியில் நின்று போன் எடுத்தால் நாம் என்ன சொல்வோம்? "பிள்ளையார் கோயிலடிக்கு வந்து கேளுங்க." இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் பிரதான வீதி இல்லாத ஊரும் இல்லை, பிள்ளையார் இல்லாத ஊரும் இல்லை. ஒன்றாம் குறிச்சி, இரண்டாம் குறிச்சி என்பதெல்லாம் ஊர்க்காரருக்கு விளங்கும், வெளியிலிருந்து வருகிற பையனுக்கு விளங்காது. அதனால்தான் இப்போது எல்லோரும் "லொக்கேஷன் போடுங்க" என்கிறார்கள். போடவும் செய்கிறோம், ஆனால் பாதிப்பேர் பிழையாகப் போடுகிறோம், மீதிப்பேர் போட்டதை நிறுத்த மறந்துவிடுகிறோம்.

இந்தப் பக்கத்தில் வாழ்கிறவருக்கு என் கணக்கில் வாட்ஸ்அப்பும் கூகுள் மேப்பும் போதும். கடை வைத்திருந்தால் பேஸ்புக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிது புதிதாக வரும் இடம் காட்டும் செயலிகளை ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை, அவை எப்போது மூடும் என்று சொல்ல ஏலாது. 2009இல் வந்த போர்ஸ்குயர் செயலியில் போகிற கடைக்கெல்லாம் "செக்-இன்" (இங்கே நிற்கிறேன் என்ற பதிவு) போட்டு, அடிக்கடி போகிறவர் அந்த இடத்துக்கு "மேயர்" ஆனார். 2014இல் செக்-இன் பகுதியை ஸ்வார்ம் என்று தனியாகப் பிரித்தார்கள், 2024 டிசம்பரில் இடம் தேடும் பழைய செயலியையே மூடிவிட்டார்கள். கூகுளின் லாட்டிடியூட் 2013இல் போனது. பேஸ்புக்கில் பக்கத்தில் இருக்கும் நண்பர்களைக் காட்டிய வசதி 2022இல் போனது. சென்லி 2023இல் போனது. ஆகவே அம்மாவிடமும் ஆட்டோக்காரரிடமும் ஏற்கெனவே இருக்கிற செயலி எதுவோ, அதுதான் நல்ல செயலி.

வீட்டு லொக்கேஷனை ஒருமுறை ஒழுங்காக எடுத்து வையுங்கள்

வாட்ஸ்அப்பில் ஒருவரின் சாட்டைத் திறந்து, கிளிப் மாதிரி இருக்கும் குறியை (ஐபோன் என்றால் கூட்டல் குறியை) அழுத்தினால் லொக்கேஷன் வரும். உள்ளே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, இப்போது நிற்கும் இடத்தை ஒரு புள்ளியாக அனுப்புவது. மற்றது நீங்கள் நகர நகரப் புள்ளியும் நகர்ந்து காட்டும் லைவ் லொக்கேஷன், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வகையில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கந்தோரில் இருந்துகொண்டு வீட்டுக்கு வரும் சாமானுக்கு லொக்கேஷன் அனுப்புவது. அது நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் அனுப்பும், உங்கள் மனதில் இருக்கும் வீட்டை அல்ல. பையன் கேஸ் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு உங்கள் கந்தோர் வாசலுக்கு வந்து நிற்பான்.

ஆகவே இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இதைச் செய்யுங்கள். வீட்டுக்குள் இல்லாமல், தகரக் கூரையும் மாமரமும் மறைக்காத இடமாகப் பார்த்து, கேட்டுக்கு வெளியே ரோட்டில் நில்லுங்கள். வாட்ஸ்அப்பில் லொக்கேஷனைத் திறந்தால் இத்தனை மீற்றருக்குள் சரி என்று சின்ன எழுத்தில் ஒரு எண் காட்டும். திறந்த உடனே அது பெரிதாக இருக்கும், அவசரப்படாமல் கொஞ்சம் நின்றால் குறையும். வெட்டவெளியில் ஒரு சாதாரண போன் ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாகக் காட்டும். எண் சிறுத்ததும் வேறு யாருக்கும் இல்லாமல் உங்களுக்கே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் சொந்த நம்பருக்கே மெசேஜ் போடலாம், தொடர்புப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். இனி யார் கேட்டாலும் அதிலிருந்து போர்வர்ட் செய்தால் போதும், எங்கே நின்று அனுப்பினாலும் வீடுதான் போகும்.

அதோடு வழியையும் எழுதி வையுங்கள். "மெயின் ரோட்டில் இருந்து கிழக்கே, கடற்கரைப் பக்கம், இரண்டாவது கிறவல் ஒழுங்கை, நீலக் கேட், நாய் நிற்கும் ஆனால் கடிக்காது." புள்ளி ஒழுங்கை முகப்பு வரைக்கும் கொண்டுவரும், அங்கிருந்து கேட் வரைக்கும் கொண்டுவருவது இந்த வரிதான். லொக்கேஷன் அனுப்பியாயிற்றே என்று இதை எழுதாமல் விடுகிறவர்கள் கடைசியில் போனிலும் கால் மணித்தியாலம் கதைக்கிறார்கள்.

சிலர் லொக்கேஷனை இரண்டு எண்ணாகவே (முதலில் அகலாங்கு, பிறகு நெட்டாங்கு) அனுப்புவார்கள். நம்ம மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களுக்கும் பார்த்தவுடன் பிடிக்க ஒரு வழி இருக்கிறது: இரண்டாவது எண் 81இல் தொடங்கும், முதல் எண் பெரும்பாலும் 7இல் தொடங்கும். தெற்கே பொத்துவில், பாணமை, குமண பக்கம் 6 ஆகும், வடக்கே வாகரைப் பக்கம் 8ஐத் தொடும். மாறிப்போய் 81 முன்னுக்கு வந்தால் அந்த இடம் வடதுருவத்துக்குக் கிட்டவுள்ள கடலில் இருக்கும். 79 என்று வந்தால் கொழும்புப் பக்கம். பணம் கட்டுவதற்கு முன் "காணி களுவாஞ்சிக்குடியில" என்றவரின் எண்ணை இப்படி ஒருதரம் பாருங்கள். ஆனால் எண் சரியாக இருப்பதால் காணி அவருடையது என்று ஆகிவிடாது, உலகத்தில் எந்த இடத்தின் புள்ளியையும் யாரும் அனுப்பலாம்.

ஆற்றை மேப்புக்கு விளங்கப்படுத்த ஏலாது

மட்டக்களப்பில் இருப்பவர் எல்லோருக்கும் இது தெரியும், ஆனால் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் பார்க்கும்போது மறந்துபோகும். "உங்களிடமிருந்து இத்தனை கிலோமீற்றர்" என்று அது காட்டுவதை ரோட்டுத் தூரம் என்று எடுக்காதீர்கள். குருமண்வெளித் துறையில் நின்றால் ஆற்றுக்கு அங்கால் மண்டூர் கண்ணுக்கு முன்னால் தெரியும். பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவை) ஓடுகிற நேரமென்றால் ஏறி அங்கால் போகலாம். ஓடாத நேரமென்றால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். ஆற்றுக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிற உங்களுக்கு, மேற்கே படுவான்கரையில் இருக்கிற ஒரு பழைய உழவு இயந்திரம் "கிட்ட" என்று செயலி சொன்னால், நடுவில் ஆறு கிடக்கிறதா என்று மேப்பை விரித்துப் பாருங்கள், எந்தப் பாலம் என்று விற்கிறவரிடமே கேளுங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு இந்தப் பிரச்சினை குறைந்துவிட்டது. மற்றத் துறைகளில் இன்னும் கேட்டுத்தான் போக வேண்டும்.

மாரியில் இன்னொன்று. வெள்ளம் ஏறின ரோட்டை மேப் உடனே அறியாது. கார்த்திகை மார்கழியில் படுவான்கரைக்குள் போவதென்றால் மேப் பச்சையாகவோ நீலமாகவோ காட்டுவதை நம்பாமல், அந்த ஊரில் இருக்கிற ஒருவருக்குப் போன் போட்டு "தண்ணி எங்க நிக்குது" என்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுங்கள். இந்த விஷயத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வரும் போட்டோ கூகுளைவிட நல்லது. ஆனால் போன வருஷத்துப் போட்டோவும் அதே குழுவில்தான் சுற்றும், அனுப்பினவரிடம் எப்போது எடுத்தது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

லைவ் லொக்கேஷன்: எட்டு மணித்தியாலம் எங்கே தொடங்குகிறது

வாட்ஸ்அப் லைவ் லொக்கேஷன் 2017இல் வந்தது. 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று மூன்றே மூன்று தெரிவுதான். நேரம் முடிந்ததும் தானாகவே நின்றுவிடும், எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

மிகவும் உதவுவது கொழும்பு இரவு பஸ்ஸுக்கு. முன்பெல்லாம் விடிய நாலு மணிக்கு அப்பா போன் எடுப்பார்.

"எங்க மனே வாறாய்?"

"தெரியாப்பா, நித்திரையாப் போயிட்டன்."

"யன்னலால எட்டிப் பாரன். போர்ட் ஏதும் தெரியுதா?"

"இருட்டாக் கிடக்கு. மறுகா எடுக்கன்."

இப்போது பிள்ளை நித்திரை கொள்ளலாம், அப்பா மேப்பில் பார்க்கலாம். ஓட்டமாவடியில் முகம் கழுவி, ஏறாவூரில் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தால் பஸ் வர நேரம் சரியாக இருக்கும். ஆனால் கவனியுங்கள்: கோட்டையில் ஏறினவுடன் எட்டு மணித்தியாலத்தைத் தட்டினால், பஸ் பிந்துகிற நாளில் அது வந்துசேர முன்னமே முடிந்துவிடும், சரியாக விடியப்புறம் பார்க்க வேண்டிய நேரத்தில் ஒன்றும் இருக்காது. கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் போகிறவர்களுக்கு இது இன்னும் பிரச்சினை. தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தும்போது போடுங்கள், அல்லது அங்கே பழையதை நிறுத்திவிட்டுப் புதிதாகப் போடுங்கள். போன் சார்ஜும் பாருங்கள், லைவ் லொக்கேஷன் பற்றரியைக் குடிக்கும். பற்றரி சேமிக்கும் முறை போட்டிருந்தால் சில போன்கள் பின்னணியில் அதை நிறுத்தியே விடும்.

பார்க்கிறவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. புள்ளி ஒரே இடத்தில் நின்றால் உடனே நெஞ்சைப் பிடிக்காதீர்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று அங்கேயே காட்டும். புணானைக் காட்டில் புள்ளி நாற்பது நிமிடமாக அசையவில்லை என்றால் பஸ் நிற்கிறது என்பதைவிட சிக்னல் போயிற்று என்பதற்கே வாய்ப்பு அதிகம். வீட்டில் பிள்ளை எங்கே என்று ஒரு நாளைக்கு முப்பது தரம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால், அதற்குப் பழைய நாலு மணிப் போனே மேல் என்று எனக்குத் தோன்றும்.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். திருக்கோவில், பொத்துவில் வரைக்கும் பிரச்சினை இல்லை. உகந்தை முருகன் கோயிலைத் தாண்டிக் குமண, யால காட்டுக்குள் இறங்கினால் லைவ் லொக்கேஷனை நம்பி இருக்கக் கூடாது. உகந்தையிலிருந்தே ஒரு சாதாரணப் புள்ளியையும், யார் யாரோடு போகிறோம், அங்கால் எந்த நாளில் வெளியே வருவோம் என்ற ஒரு வரியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனை நிறுத்தி வையுங்கள். அதற்கு முன் கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை இறக்கி வைத்திருந்தால் டேட்டா இல்லாமலும் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் இருந்து வருவது, அதற்கு டேட்டா வேண்டியதில்லை. டேட்டா வேண்டியது அதை மற்றவருக்கு அனுப்புவதற்கு. இந்த வித்தியாசம் விளங்கினால் பாதிக் குழப்பம் போய்விடும். கடலுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான். கரையைவிட்டு விலக விலக லைவ் லொக்கேஷன் வெறும் அலங்காரம், ஆனால் வலை போட்ட இடத்தின் எண்களைக் குறித்து வைக்க சிக்னல் தேவையில்லை, மேப்பில் சேமிப்பதைக் கரைக்கு வந்தும் செய்யலாம். (சேமித்த பட்டியலை யாரோடும் பகிராத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இடத்தை மச்சானுக்கே சொல்லாத ஆட்கள் நாம்.)

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா மாதிரிச் சன நெரிசலில் லைவ் லொக்கேஷனைக் கொண்டு ஆளைத் தேடப் போகாதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் திறந்தால் நெட் இழுக்கும், இருபது மீற்றர்ப் பிழை அந்தக் கூட்டத்தில் ஒரு ஊர் மாதிரி. தேர்முட்டியடியோ கச்சான் கடையோ, பிரிந்தால் சந்திக்கிற இடத்தை முதலே பேசி வையுங்கள்.

அவசரமென்றால் முதலில் கதையுங்கள், பிறகு அனுப்புங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, வெள்ளம் சூறாவளி என்றால் அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117. ரோட்டில் விபத்து என்றால் மேப்பைத் திறந்து கிட்ட உள்ள ஊர், சந்தி, கிலோமீற்றர்க் கல் எதைக் கண்டாலும் வாயால் சொல்லுங்கள்.

கடை, விடுதி, தறி வைத்திருப்பவர்களுக்கு

மருதமுனையில் ஒழுங்கைக்குள் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறீர்கள், சாரமும் சேலையும் நெய்கிறீர்கள். பேஸ்புக்கில் படம் போட்டால் "விலை?" என்று நாற்பது பேர் கேட்பார்கள், ஒருவரும் வந்து சேரமாட்டார்கள். காரணம் பெரும்பாலும் இடம் தெரியாததுதான். கூகுள் மேப்பில் உங்கள் தொழிலைச் சேர்ப்பதற்குக் காசு இல்லை. அதைச் செய்து தருவதாகச் சொல்லிக் காசு கேட்டு வருகிறவர்களுக்கு உழைப்புக் கூலி கொடுக்கலாம், "கூகுளுக்குக் கட்ட வேண்டும்" என்று ஒரு தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

சேர்க்கும்போது உங்கள் சொந்த ஜிமெயிலில் சேருங்கள், படிக்கிற மருமகனின் ஜிமெயிலில் அல்ல. அவர் கட்டாருக்குப் போனபிறகு கடை நேரத்தை மாற்றக்கூட வழியிருக்காது. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடினால் வருகிற மாதிரிப் போடுங்கள். அறுகம்குடாவிலும் பாசிக்குடாவிலும் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது கட்டாயம், அலைச்சறுக்க வருகிற வெள்ளைக்காரர் தமிழில் தேடப்போவதில்லை. புள்ளியை விரலால் இழுத்து வாசலுக்குக் கொண்டுவாருங்கள், வளவின் நடுவில் விட்டால் சில வேளை மேப் பின் ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு வரும். உறுதிப்படுத்தச் சொல்லும்போது இப்போது அனேகமாக வீடியோ கேட்கிறார்கள்: ரோட்டில் தொடங்கி, பெயர்ப் பலகை, உள்ளே தறி, சாமான் என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்.

பிறகு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு மூடுகிற கடை, கோயில் திருவிழாவுக்கு மூடுகிற கடை, நோன்பு மாதத்தில் பகலில் சமைக்காத ஹோட்டல், எல்லோரும் நேரத்தை அங்கே மாற்றி வையுங்கள். திறந்திருக்கிறது என்று காட்டி வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர்தான் ஒரு நட்சத்திரம் போடுவார். அதற்குச் சண்டைக்குப் போகாமல் இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டுச் சரியான நேரத்தை எழுதுங்கள். பதில் அவருக்கு மட்டுமல்ல, அடுத்து வாசிக்கிறவருக்கும்தான். சொந்தக்காரரை வைத்து ஐந்து நட்சத்திரம் போட வைக்காதீர்கள், ஒரே நாளில் பதினைந்து பேர் "சூப்பர்" என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு விளங்கிவிடும்.

மேலதிகாரி கேட்டால்

வெளிக்கள உத்தியோகத்தர்கள், கடன் அறவிடப் போகிற பிள்ளைகள், விற்பனைக்குப் போகிற தம்பிமார், இவர்களிடம் காலை எட்டு மணிக்கே லைவ் லொக்கேஷன் போடச் சொல்கிற இடங்கள் கூடிக்கொண்டு வருகின்றன. வேலை நேரத்தில் எங்கே நிற்கிறார் என்று கேட்க நிறுவனத்துக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் எட்டு மணித்தியாலம் ஓடினால் பகலிலேயே போன் செத்துவிடும், வெல்லாவெளிப் பக்கம் யானை நிற்கிற ரோட்டில் திரும்பி வரும்போது அவசரத்துக்கு எடுக்கப் போன் இருக்காது. இதையே மேலதிகாரிக்குச் சொல்லுங்கள், மறுக்கக் கஷ்டமான காரணம். பதிலுக்கு, போய்ச் சேர்ந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாதாரணப் புள்ளி அனுப்புவதாகப் பேசுங்கள். பற்றரியும் மிஞ்சும், எழுத்தில் கணக்கும் இருக்கும். பெண் பிள்ளைகள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: புள்ளி மேலதிகாரிக்குப் போகிறதா, முப்பது பேர் இருக்கிற குழுவுக்குப் போகிறதா? குழுவென்றால் மாட்டேன் என்று சொல்வது நியாயம்.

யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பது

இதை வாசித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் லைவ் லொக்கேஷன் என்று இருக்கிறது, இப்போது யாருக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அங்கே தெரியும். அதைவிட முக்கியம் கூகுள் மேப்: உங்கள் படத்தை அழுத்தி, லொக்கேஷன் ஷேரிங் பாருங்கள். கூகுளில் "நான் நிறுத்தும் வரைக்கும்" என்று ஒரு தெரிவு உண்டு, போட்டால் மாதக்கணக்கில் ஓடும். போனின் பற்றரி எவ்வளவு என்றுகூட மற்றவருக்குக் காட்டும். உங்கள் போனை ஐந்து நிமிடம் கையில் எடுத்த ஒருவர் இதைத் தட்டிவிட்டிருக்கலாம். தெரியாத பெயர் இருந்தால் நிறுத்துங்கள். ஆனால் வீட்டிலேயே அடக்குமுறை இருந்து, நிறுத்தினால் அடி விழும் என்ற நிலைமை என்றால், உடனே நிறுத்தாமல் வேறொருவர் போனிலிருந்து 1938க்கு எடுத்துக் கதையுங்கள். அது பெண்களுக்கான உதவி இலக்கம்.

ஸ்னாப்சாட் பாவிக்கிற பிள்ளைகளிடம் மேப்பில் கோஸ்ட் மோட் (இடத்தை மறைக்கும் முறை) போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். போனைப் பறித்துப் பார்க்காமல் கேளுங்கள், பறித்தால் அடுத்த நாள் வேறு செயலி வரும். கல்லடிக் கடற்கரையில் விடியற்காலை ஓடி ஸ்ட்ராவாவில் போடுகிறவர்கள் ஓட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கிற வசதியைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கோடு நேரே உங்கள் படலையில் முடியும். இராணுவ முகாம்களே அந்தச் செயலியின் வரைபடத்தால் 2018இல் வெளியே தெரிந்தன, நம்ம வீடு எம்மாத்திரம்.

செக்-இன், ஸ்டோரி எல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்து போடலாம். "குடும்பத்தோடு நுவரெலியாவில், மூன்று நாள்" என்று இடத்தோடு போடுவது படலையில் பூட்டுப் போட்டிருக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பது. குமணையில் பறவைக் கூட்டையோ குட்டியோடு நிற்கிற யானையையோ கண்டால் படம் போடுங்கள், சரியான இடத்தைப் போட வேண்டாம். பிறகு படம் அனுப்புவதில் ஒரு நுணுக்கம்: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதற்குள் ஒளிந்திருக்கும் இடத் தகவல் போய்விடும், டொகியுமென்ட் ஆக அனுப்பினால் அப்படியே போகும். காணி உறுதி, பிள்ளையின் சான்றிதழ் என்று நாம் தெளிவுக்காக டொகியுமென்ட் ஆகத்தான் அனுப்புகிறோம், ஆகவே கமராவிலேயே இடம் பதிவதை நிறுத்தி வையுங்கள்.

ஒவ்வொரு செயலிக்கும் லொக்கேஷன் அனுமதியைப் "பாவிக்கும்போது மட்டும்" என்று வையுங்கள். மழை வருமா என்று சொல்கிற செயலிக்கு உங்கள் வீட்டுக் கிணற்றடி வரைக்கும் தெரிய வேண்டியதில்லை, புதிய போன்களில் துல்லிய இடத்தை மட்டும் தனியாக நிறுத்தலாம்.

போனை விற்பதாக இருந்தால், கடைக்காரர் "நான் அழிச்சுத் தாறன்" என்றாலும் கூகுள் கணக்கிலிருந்து நீங்களே வெளியேறுங்கள். மேப்பில் டைம்லைன் என்று ஒரு பகுதி இருக்கிறது, போன இடமெல்லாம் அதில் நாளும் நேரமுமாகக் கிடக்கும். இப்போது அது போனுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. வேண்டுமென்றால் புதிய போனுக்கு மாற்றி எடுத்து, பழையதில் அழித்து, கடைசியாகப் போனை முழுதாக ரீசெட் செய்தபிறகு காசை வாங்குங்கள்.